ஆடுசதையில் கட்டும் ஆக்சிஜன் சென்சார்: எட்டு மாதம் பயன்படுத்தியபின்

ஓடுகிறவர்கள் பேச்செல்லாம் விஓ2 மேக்ஸ்தான், அதாவது கடும் உழைப்பில் உடல் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவு. ஆனால் அது நுரையீரல், இதயம், ரத்தம், தசை எல்லாம் சேர்ந்து தரும் ஒரே எண், கால் தசை மட்டும் ஆக்சிஜனை வைத்து எவ்வளவு சக்தி தயாரிக்கிறது என்று அதிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. அதற்காகத்தான் இதை வாங்கினேன். தோல் வழியாக அகச்சிவப்பை ஒட்டிய ஒளியை உள்ளே விடும், ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் இறங்கிய ரத்தமும் அந்த ஒளியை வேறு வேறு அளவில் உறிஞ்சுவதை வைத்துச் சதவீதம் காட்டும்.

அந்தச் சதவீதத்தை முதல் மாதம் முழுக்கத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன். வந்து சேரும் ஆக்சிஜனுக்கும் செலவாகும் ஆக்சிஜனுக்கும் உள்ள மிச்சம்தான் அது, தசையின் திறன் அல்ல. ஆப்பில் இதை ஒரு வரி சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

திறன் தெரிய வேறு வழி இருக்கிறது. தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வேலை செய்யும் ஆய்வகத்தில் செய்து பார்த்தோம். பத்துப் பதினைந்து விநாடி பாதத்தை வேகமாக அழுத்தச் சொன்னார், அப்புறம் தொடையில் கட்டிய பட்டையைச் சில விநாடி இறுக்கி, சில விநாடி விட்டு, மறுபடி இறுக்கி, இப்படியே பல தடவை. ரத்தம் நின்ற ஒவ்வொரு தடவையும் ஆக்சிஜன் எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ அதுதான் அந்த நேரத்தில் தசையின் செலவு. அந்தச் செலவு எவ்வளவு சீக்கிரம் ஓய்வு நிலைக்கு வருகிறதோ அவ்வளவு நன்றாக மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் ஆக்சிஜனை வைத்துச் சக்தி தயாரிக்கும் நுண்ணுறுப்பு) வேலை செய்கிறது என்று அர்த்தம். முன்பெல்லாம் இதற்கு எம்ஆர்ஐ மாதிரியான பெரிய காந்த இயந்திரத்தில் படுக்க வேண்டும், இல்லையென்றால் தசையில் ஊசி போட்டுத் துணுக்கு எடுக்க வேண்டும்.

கடைசியில், என் காலில் ஆக்சிஜன் எண்ணின் அடிமட்டமும் உச்சமும் எதுவென்று தெரிய, ஐந்து நிமிடம் முழுசாக இறுக்கினார். கால் மரத்து, விரல்கள் வெளிறி, திரையில் கோடு அடிமட்டத்தில் படுத்துவிட்டது. பட்டையை அவிழ்த்ததும் சூடு குபுகுபுவெனப் பாதம்வரை இறங்கியது, கோடும் செங்குத்தாக ஏறியது. இதை வீட்டில் தனியாகச் செய்யாதீர்கள், ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்த பிரச்சினை வந்தவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

என் மீட்சிக் கணக்கு, அதாவது அந்தச் செலவு எவ்வளவு சீக்கிரம் ஓய்வு நிலைக்குத் திரும்புகிறது என்று காட்டும் நேரம் (குறைந்தால் நல்லது), முதலில் 46 விநாடி, ஐந்து மாத நீள ஓட்டத்துக்குப் பிறகு 37. இதே காலத்தில் என் வாட்ச் காட்டிய விஓ2 மேக்ஸ் அசையவே இல்லை!

குறைகள் என்றால், வியர்த்தால் வழுக்குகிறது, வெயிலில் கறுப்புத் துணி சுற்றாவிட்டால் எண் தாறுமாறாக ஓடுகிறது. வாங்கும் முன் அளக்கப்போகும் இடத்தில் தோலைக் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு தடிமனாக இருந்தால் ஒளி பெரும்பாலும் கொழுப்பிலேயே சுற்றிவிட்டுத் திரும்பிவிடும். எனக்கு ஆடுசதையில் சுத்தமாக வந்தது, தொடையில் வரவில்லை.