ஸ்ட்ராபெர்ரியா மாம்பழமா: வீட்டில் போடும் ஐஸ் மாட்சா லாட்டேக்கு எது பொருத்தம்?

மாட்சா என்பது ஜப்பானியப் பச்சைத் தேயிலைப் பொடி; அதை அடித்துப் பாலில் சேர்த்தால் மாட்சா லாட்டே. பழம் சேர்த்த ஐஸ் மாட்சா லாட்டே என்றாலே கடைகளில் ஸ்ட்ராபெர்ரிதான் முன்னால் நிற்கிறது. கீழே சிவப்பு, நடுவில் வெள்ளை, மேலே பச்சை. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் ஏப்ரல் பிறந்தால் வீட்டில் மாம்பழம் கூடை கூடையாகக் கிடக்கும்போது, பெட்டி பெட்டியாக ஸ்ட்ராபெர்ரி தேடி அலைய வேண்டுமா என்று எனக்குத் தோன்றியது. ஸ்ட்ராபெர்ரி முடிந்து மாம்பழம் தொடங்குகிற மார்ச் கடைசியில் இரண்டும் ஒரே நேரத்தில் கிடைத்தன. இரண்டு வாரம் மாற்றி மாற்றிப் போட்டு, அக்காவும் நானும் குடித்துப் பார்த்தோம்.

எனக்குக் கிடைத்த பதில் இதுதான்: பழத்தை மட்டும் தனியாக வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. ஸ்ட்ராபெர்ரிக்கு மாட்டுப்பால், மாம்பழத்துக்குத் தேங்காய்ப்பால். ஜோடி மாறினால் இரண்டுமே சொதப்பும்.

பொடி

பழத்துக்கு முன்னால் பொடியைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். சாதாரண கிரீன் டீயில் இலையை ஊறவைத்துச் சாற்றைக் குடித்துவிட்டு, இலையைக் கொட்டிவிடுகிறோம். மாட்சாவில் இலை முழுக்க உள்ளே போகிறது. அதனால் இலை எப்படி வளர்ந்தது என்பது அப்படியே நாக்கில் தெரியும். பறிப்பதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் முன்பே செடிகளுக்கு மேல் பந்தல் போட்டு வெயிலை மறைத்துவிடுவார்கள். நிழலில் இலைக்குப் பச்சையம் கூடும். தியானின் என்ற அமினோ அமிலமும் குறையாமல் தங்கும். மாட்சாவின் அந்த மெல்லிய இனிப்பும் நிறைவும் அதிலிருந்து வருவதுதான். வெயில் பட்டால் அந்தத் தியானின், துவர்ப்பு தரும் கேட்டச்சின்களாக மாறிப்போகும். பறித்த இலையை ஆவியில் காட்டி உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கிக் கல் திருகையில் அரைப்பார்கள். ஒரு திருகை ஒரு மணி நேரத்துக்கு 40 கிராம் அளவுதான் தரும். கியோட்டோவை ஒட்டிய ஊஜியிலும் ஐச்சி மாகாணத்து நிஷியோவிலும் இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். 2024 இலையுதிர் காலத்தில் தேவை எகிறியபோது, இப்போடோ, மருக்யூ கோயாமாயென் போன்ற பழைய கியோட்டோக் கடைகளே ஒருவருக்கு இவ்வளவுதான் என்று அளந்து விற்க வேண்டியதாயிற்று. இவ்வளவு உழைப்பில் வருகிற பொடியை நாம் வீணடிக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

டப்பாவில் 'செரிமோனியல் கிரேடு' (தேநீர்ச் சடங்குக்கு உரிய தரம்) என்று அச்சிட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். ஜப்பானில் அப்படிச் சட்டபூர்வமான தரம் எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். நிறத்தைப் பாருங்கள். கிளிப்பச்சையாக இருந்தால் நல்லது. நான் ஒருமுறை ஓர் ஆன்லைன் கடையில் பெரிய பாக்கெட்டாக வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் மருதாணிப் பொடி நிறம், வைக்கோல் வாசனை. தண்ணீரில் கலந்து குடிக்கவே முடியவில்லை. ஆனால் அந்தப் பாக்கெட்தான் எனக்கு ஒரு விஷயத்தைக் காட்டிக்கொடுத்தது: மாம்பழத்தோடு சேர்த்தால் அந்தக் கசப்பு அடங்கிப்போகிறது, ஸ்ட்ராபெர்ரியோடு சேர்த்தால் இன்னும் தூக்கலாகத் தெரிகிறது. கையில் இருப்பது சுமாரான பொடி என்றால் மாம்பழம் பக்கம் போய்விடுங்கள்.

ஸ்ட்ராபெர்ரி

மகாபலேஷ்வரிலிருந்து குளிர்காலத்தில் வருகிற பழம் கொஞ்சம் புளிப்பாகவே இருக்கும். அந்தப் புளிப்புதான் இதற்குப் பலம், அதுவேதான் தொல்லையும். முதல் நாள் காய்ச்சாத பழத்தை மிக்ஸியில் அடித்து, அப்படியே பாலுக்கு அடியில் ஊற்றினேன். ஐந்து நிமிடத்தில் டம்ளரின் உள்பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் குருணை ஒட்டியிருந்தது. பால் திரிந்துவிட்டது. பாலின் கேசீன் புரதம் பிஎச் (புளிப்பின் அளவு; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6 வாக்கில் திரள ஆரம்பிக்கும். ஸ்ட்ராபெர்ரி அதைவிடப் புளிப்பு, ஏறக்குறைய 3.5. தண்ணீராக ஓடுகிற பழக்கூழ் பாலோடு உடனே கலந்துவிட்டதால் திரிவதற்கு நேரமே எடுக்கவில்லை.

பழத்தைச் சர்க்கரையோடு சுண்டக் காய்ச்சினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். காய்ச்சுவதால் புளிப்பு எங்கேயும் போய்விடுவதில்லை. கூழ் கெட்டியாகிக் கனம் கூடுவதால் அடியில் உட்கார்ந்துவிடுகிறது, பாலோடு மெதுவாகத்தான் கலக்கிறது. பாலும் ஜில்லென்று இருந்தால் குடித்து முடிக்கும்வரை தாங்கும். 200 கிராம் பழத்தை நாலாக நறுக்கி, 50 கிராம் சர்க்கரை போட்டு, சிறு தீயில் எட்டு நிமிடம். பழம் குழைந்து, கரண்டியால் சட்டியின் அடியில் கோடு இழுத்தால் அந்தக் கோடு ஒரு நொடி நின்று அப்புறம் மூட வேண்டும். அதுதான் பதம். நன்றாக ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் இருக்கும். பாட்டிலில் வரும் ஸ்ட்ராபெர்ரி க்ரஷ் வேண்டாம்; சர்க்கரையும் சிவப்புச் சாயமும்தான் தெரியும், பழம் தெரியாது.

சுவை என்று வந்தால், நல்ல மாட்சாவுக்கு இதைவிடப் பொருத்தமான பழத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. ஒவ்வொரு வாய்க்கும் அந்தப் புளிப்பு நாக்கைக் கழுவிவிடுவதால், அடுத்த வாயில் மாட்சா மறுபடி புதிதாகத் தெரிகிறது. பாலின் கொழுப்பும் திகட்டாது. ஒரு குறை உண்டு. கலக்கிவிட்டால் சிவப்பும் பச்சையும் சேர்ந்து சேற்று நிறம் ஆகிவிடும். கலக்காமல் ஸ்ட்ரா போட்டு அடியிலும் மேலுமாக மாற்றி மாற்றிக் குடிப்பதே நல்லது.

மாம்பழம்

பங்கனப்பள்ளிக்குச் சர்க்கரையும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். தோல் சீவி அடித்து, நார் இருந்தால் ஒருமுறை வடிகட்டினால் போதும். கலக்கினாலும் மஞ்சளும் பச்சையும் சேர்ந்து இளந்தளிர் நிறம் வரும். இவ்வளவு வசதி இருந்தும் முதல் நாலைந்து முறை எனக்குத் திருப்தி இல்லை. மாட்டுப்பாலோடு போட்டால் அது மாம்பழ மில்க் ஷேக்தான். மாட்சா இருக்கும் இடமே தெரியாது. இனிப்பின் மேல் இனிப்பு, கெட்டியின் மேல் கெட்டி. அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுக்கு எதுக்கு இவ்ளோ விலை குடுத்துப் பொடி வாங்கினே?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

அதனால் பாலை மாற்றினேன். வீட்டில் பிழிந்த தேங்காய்ப்பாலில் இரண்டாம் பாலை எடுத்து, ஒரு சிட்டிகை உப்பும் நாலைந்து துளி எலுமிச்சைச் சாறும் மாம்பழக் கூழில் கலந்து போட்டபோது கதையே மாறிவிட்டது. தேங்காய்ப்பால் மெல்லியதாக இருப்பதால் மாம்பழம் ஓடியாட இடம் கிடைக்கிறது. மாட்சாவின் இலை வாசனை மேலே வந்து நிற்கிறது. எலுமிச்சையின் புளிப்பு, ஸ்ட்ராபெர்ரி செய்த வேலையை இங்கே செய்கிறது. முதல் பாலை மட்டும் அப்படியே ஊற்றிவிடாதீர்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும்; ஐஸ் பட்டதும் கெட்டிப் பாலின் கொழுப்பு வெள்ளைத் துணுக்குகளாக மிதந்து வாயில் மெழுகுபோல ஒட்டும்.

கிளிமூக்கு கிடைத்தால் இன்னும் நல்லது. பங்கனப்பள்ளி அளவுக்கு மணம் கிடையாது, புளிப்பு கொஞ்சம் உண்டு. தனியாகச் சாப்பிட நான் அதைத் தேட மாட்டேன், மாட்சாவோடு சேர அதுதான் சரி. கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆலைகளில் கூழாக்கி டின்னில் அடைப்பதில் பெரும்பங்கு இந்தப் பழம்தான். சீசன் இல்லாதபோது அந்த டின் கைகொடுக்கும். சர்க்கரை சேர்த்ததா சேர்க்காததா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

ஸ்ட்ராபெர்ரியைத் தேங்காய்ப்பாலோடும் போட்டுப் பார்த்தேன். தேங்காய் மணம் ஒரு பக்கம் இழுக்க, பழம் இன்னொரு பக்கம் இழுக்கிறது. வேண்டாம்.

பாலில் இன்னும் ஒரு விஷயம்

நம் வீட்டுப் பால் காய்ச்சி ஆறவைத்த பால். ஃபிரிட்ஜில் வைத்தால் ஆடை படியும். அதை வடிகட்டாமல் ஊற்றினால் மாட்சா ஆடையில் ஒட்டிக்கொண்டு திட்டுத் திட்டாக நிற்கும். டீ வடிகட்டியில் ஒருமுறை வடித்துவிட்டால் முடிந்தது. ஓட்ஸ் பால் இரண்டு பழத்துக்கும் ஓரளவு ஒத்துப்போகிறது, விலைதான் உதைக்கிறது. சோயாப் பால் ஸ்ட்ராபெர்ரி பட்டால் சீக்கிரம் திரியும். பாதாம் பால் எனக்கு நீர்த்த மாதிரி இருந்தது.

எதில் அடிப்பது?

ஜப்பானில் இதற்கென்றே சாசென் என்ற மூங்கில் மத்து இருக்கிறது. ஒரே மூங்கில் துண்டை மெல்லிய இழை இழையாகச் சீவிச் செய்வது. நாரா மாகாணத்துத் தகாயாமா ஊர் அதற்குப் பேர்போனது. வெறும் மாட்சாவை வெந்நீரில் அடித்துக் குடிப்பதென்றால் அதற்கு ஈடு இல்லை. பாலும் பழமும் ஐஸும் சேர்கிற லாட்டேக்கு அது கட்டாயம் இல்லை. மூடி இறுக்கமான ஜாம் பாட்டிலில் போட்டு முப்பது நொடி குலுக்கினாலே போதும். பேட்டரியில் சுற்றி நுரை அடிக்கும் ஃப்ராதர் இருந்தால் இன்னும் சுலபம். மிக்ஸியில் பாதிப் பொடி ஜாரின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. டபராவில் ஆற்றிப் பார்த்தால் நுரை வருகிறது, கட்டி உடைவதில்லை.

எதில் அடித்தாலும், பொடியை முதலில் சலித்துவிடுங்கள். டீ வடிகட்டியில் போட்டு ஸ்பூனால் தேய்த்தால் பத்து நொடி வேலை. மாட்சா கரைகிற பொருள் கிடையாது, தண்ணீரில் மிதக்கிற தூள். கட்டியாக உள்ளே போனால் கட்டியாகவே வாய்க்கு வரும்.

ஒரு டம்ளருக்கு

சலித்த பொடி ஒன்றரை டீஸ்பூன், அதாவது 3 கிராம் அளவு. பழம் இல்லாத லாட்டேக்கு 2 கிராம் போதும். பழம் வந்தால் கூட்டியே ஆக வேண்டும். தண்ணீர் 50 மில்லி. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கசக்கும், 75 முதல் 80 டிகிரி போதும். தெர்மாமீட்டர் தேவையில்லை: கொதித்த தண்ணீர் இரண்டு பங்கு, குடிக்கிற தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் அந்தச் சூடு வந்துவிடும்.

டம்ளரில் பழம் மூன்று டேபிள்ஸ்பூன். அதன்மேல் ஐஸ் கட்டியை விளிம்பு வரை. அப்புறம் 150 மில்லி பால், ஐஸ் மேலேயே படுகிற மாதிரி மெதுவாக. கடைசியில் மாட்சா, அதுவும் ஐஸ் மேல் மெல்லிய இழையாக. சர்க்கரை சேர்ந்த பழம் கனம் என்பதால் அடியில் நிற்கும், மாட்சா கலந்த தண்ணீர் பாலைவிட இலேசு என்பதால் மேலே நிற்கும். அவசரப்பட்டு மடமடவென்று ஊற்றினால் மட்டுமே அடுக்கு கலையும். 3 கிராம் மாட்சாவில் இருக்கிற கஃபீன் ஒரு காபிக்கு இணை, அதனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நாங்கள் இதைத் தொடுவதில்லை.

மற்ற பழங்கள்

அன்னாசி வேண்டவே வேண்டாம். சமைக்காத அன்னாசியில் இருக்கிற புரோமிலைன் என்சைம் பால் புரதத்தைச் சிதைத்துக் கசப்பாக்கிவிடும், கிவியும் அப்படித்தான். புளூபெர்ரி நன்றாகவே இருக்கிறது, ஸ்ட்ராபெர்ரி மாதிரியே காய்ச்சிப் போட வேண்டும். லிச்சியின் மணம் மாட்சாவுக்கு அழகாக ஒத்துவரும், ஆனால் அதற்குப் பாலே வேண்டாம், குளிர்ந்த இளநீர் போதும். நுங்கைப் போட்டுப் பார்த்தேன். வழவழவென்று அருமையாகத்தான் இருந்தது, ஆனால் அவ்வளவு மெல்லிய சுவை மாட்சாவுக்கு முன்னால் நிற்கவில்லை. நுங்கை நுங்காகவே சாப்பிடலாம்.

மே, ஜூனில் பங்கனப்பள்ளி விலை இறங்கும்போது கூழாக அடித்து, எலுமிச்சையும் உப்பும் கலந்து ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துக்கொள்ளுங்கள். மாம்பழ லாட்டேக்கு ஐஸ் கட்டியில் பாதி இதுவாகவே இருக்கட்டும். கரையக் கரைய டம்ளர் நீர்த்துப்போகாமல் பழச்சுவை கூடிக்கொண்டே வரும்.