ஃப்ளெஷ் டின்ட் ட்யூப்: முகம் வரையத் தேறுமா?

ஃப்ளெஷ் டின்ட் (தோல் நிறம்) என்று விற்கும் எண்ணெய் வண்ணம் பெரும்பாலும் வெள்ளையில் சிவப்பும் மஞ்சளும் கலந்த இளஞ்சிவப்புதான். யாருடைய தோல் என்று மட்டும் ட்யூபில் இருக்காது! மாநிறத்துக்காக இதில் அம்பர் என்ற மண் பழுப்பைக் கலந்தால், உள்ளிருக்கும் வெள்ளை மேலெழும்பி முகம் சாம்பல் பூத்துவிடும். பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) இரண்டு பங்கு, அல்ட்ராமரைன் (அடர்நீலம்) ஒரு பங்கு, யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்) அரைப் பங்கு என்று தொடங்குங்கள்; மூக்கு நுனி மினுக்கத்துக்குத் துளி வெள்ளை போதும்.

அமெரிக்க ஓவியர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் ஐவரி, மார்ஸ், கார்பன் என மூன்று கறுப்புகளிலிருந்தே தோலைக் கட்டுகிறார். 2018-இல் திறக்கப்பட்ட மிஷெல் ஒபாமா ஓவியத்தில் ஓவியர் ஏமி ஷெரால்ட் தோலைச் சாம்பலாகத் தீட்டியது தெரிந்தே எடுத்த முடிவு. ட்யூப் தரும் சாம்பலோ விபத்து.

கன்னத்தில் ஓவியக் கத்தியால் வண்ணத்தைத் தடித்து அப்பினால் மேலே ஆடை கட்டி, உள்ளே ஈரம் தங்கி, பிறகு சுருங்கும். உள்ளங்கை, உதட்டோரத்துக்கு வேண்டுமானால் ஃப்ளெஷ் டின்ட் சின்ன ட்யூப் வாங்கலாம்.