சூடான நிப்பரா, சாதா நிப்பரா?

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் சின்ன பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறை நடத்துகிறேன். (கோவைப் பக்கத்து மேட்டுப்பாளையம் இல்லை, இது எங்கள் தொழிற்பேட்டை.) பெரும்பாலும் ஜிபிபிஎஸ் (கண்ணாடிபோல் தெளிந்த பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்) டப்பாதான் ஓடும், இடையில் அக்ரிலிக் மூடி. ரன்னரிலிருந்து (பீஸோடு ஒட்டி வரும் பிளாஸ்டிக் காம்பு) பீஸை நிப்பரால், அதாவது வெட்டும் குறடால், வெட்டும் இடத்தில்தான் எங்கள் லாபம் சில்லு சில்லாகத் தெறித்துக்கொண்டிருந்தது.

விலையில் சாதா நிப்பரை அடிக்க முடியாது. ஒயர் இல்லை, கை சுடாது. பிபி, ஏபிஎஸ் மாதிரி வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் என்றால் அதுவே போதும். ஜிபிபிஎஸ் அப்படி வளைந்து கொடுக்காது. அலகு ஆப்புபோல் இறங்கி, பீஸும் ரன்னரும் ஒட்டும் இடமான கேட்டைப் பிளக்கும், விரிசல் பீஸுக்குள் ஓடும். சிலது அன்றைக்குத் தெரியாது, பெட்டி கட்டி இரண்டு நாள் கழித்து மயிரிழைக் கோடாக எட்டிப் பார்க்கும். மோல்டிலிருந்து விழுந்த சூட்டோடு வெட்டினால் ஓரளவு தப்பிக்கலாம். ஆனால் டீ வந்துவிட்டால் பீஸ் சூடாகக் காத்திருக்குமா?

சால்டரிங் அயர்னையும் வைத்துப் பார்த்தாயிற்று. நூல் நூலாக இழுத்தது, கருகியது. அதோடு விட்டேன்.

சூடான நிப்பரில் அலகைச் சூடாக்க ஹீட்டர் உண்டு. ஜிபிபிஎஸ் சுமார் 100 டிகிரியிலும், அக்ரிலிக் 105-ஐ ஒட்டியும் இளகத் தொடங்கும். அலகை அதற்குக் கொஞ்சம் மேலே வைத்து, கேட்டில் ஒரு நொடி பொறுத்து அழுத்தினால் நுங்கு சீவியதுபோல் வரும். சூடு ஏறினால் இதுவும் நூல் இழுக்கும்.

ஆனால் வாங்கி வைத்தால் மட்டும் போதாது, பராமரிப்பில்தான் இது நிற்கும், விழும். முதல் வாரம் வேலை முடிந்ததும் அப்படியே சுவிட்சை அணைத்துவிட்டோம். மறுநாள் ஆபரேட்டர் அக்கா, "தம்பி, இது வாயைத் திறக்க மாட்டேங்குது" என்று நீட்டினார். அலகு நடுவே உருகிய பிளாஸ்டிக் ஆறி, பசைபோல் பிடித்திருந்தது. இப்போது அணைக்கும் முன்பே, சூட்டோடு பித்தளை பிரஷால் தேய்த்துவிடுகிறோம். இரும்பு பிரஷ் வேண்டாம், முனையில் கீறல் விழுந்தால் வெட்டிய இடத்திலும் அதே கோடு வரும். அசிட்டோனும் வேண்டாம். சட்டென்று தீப்பிடிக்கும், ஒரு துளி பட்டாலே ஜிபிபிஎஸும் அக்ரிலிக்கும் பாழ்.

அடுத்தது கடல் காற்று. மழைக்காலத்தில் நாலு நாள் சும்மா கிடந்தாலே அலகில் துரு. ஆறியபின் துளி எண்ணெய் தடவி வைத்து, மறுபடி சூடாக்கும் முன் ஒட்டத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் புகையும் வரும், கண்ணாடிபோல் தெளிந்த டப்பாவில் கறையும் விழும்.

பாலிகார்பனேட் ஒரே ஒரு தடவைதான் ஓட்டினோம். அதற்கு 147 டிகிரி வாக்கில் போக வேண்டும். எங்கள் நிப்பர் திணறியது, அதனால் அதைப்பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன்.

நாங்கள் வாங்கியதில் முதலில் செத்தது ஹீட்டர் இல்லை, கைப்பிடியோரம் மடங்கி மடங்கி அறுந்த ஒயர். இப்போது அதை மேலே கொக்கி போட்டுத் தொங்கவிட்டிருக்கிறோம். சாதா நிப்பர் பக்கத்திலேயே கிடக்கிறது, ஏபிஎஸ் ஆர்டர் வரும் நாளுக்கு.