ரீஃப்ரெட்டுக்குக் கிட்டாரைக் கொடுக்கும் முன் ஒரு நிமிடம்

12 வருடமாகக் கவர் பேண்டுகளில், அதாவது மற்றவர்களின் பாட்டுகளை வாசிக்கும் குழுக்களில், கிட்டார் வாசிக்கிறேன். வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை இருக்கிறது, மேடையெல்லாம் சனி, ஞாயிறுகளில்தான். குழு நான்கு முறை மாறியது. கிட்டார் மட்டும் மாறவில்லை, அதே ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலக்ட்ரிக் கிட்டார்தான். அதை ரீஃப்ரெட் செய்ய, அதாவது கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளைப் புதிதாக மாற்ற, ஒரு ரிப்பேர்காரரிடம் கொடுத்து நன்றாக ஏமாந்துவிட்டேன். ஆள் யார் என்று எழுதப் போவதில்லை. நடந்ததை மட்டும் ஒன்று விடாமல் சொல்கிறேன். இப்படி ஒரு வேலைக்குக் கிட்டாரைக் கொடுக்க நினைத்திருப்பவர்கள் முழுவதும் படித்துவிடுங்கள்.

ஊர் பாட்டையெல்லாம் வாசிக்கிறவர்களுக்கு விரல் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில்தான் விழும். என் கிட்டாரில் இரண்டாவது, மூன்றாவது ஃப்ரெட்டில், பி, ஜி கம்பிகளுக்கு அடியில் நகம் தடுக்கும் அளவுக்குப் பள்ளம். பென்ட் செய்தால், அதாவது கம்பியை விரலால் பக்கவாட்டில் இழுத்தால், அது பள்ளத்தின் விளிம்பில் சிக்கிக் கரகரக்கும். பெரும்பாலான கிட்டார்களில் ஃப்ரெட் கம்பி நிக்கல் சில்வர். பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம். எஃகுக் கம்பி அதன்மேல் வருடக்கணக்கில் உரசினால் தேயாமல் என்ன செய்யும்? இந்த முறை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டுவிடலாம், இனி நெடுநாளைக்குக் கவலையில்லை என்று நினைத்தேன்.

எங்கள் ட்ரம்மர் ஒருவரைச் சொன்னார். போனேன். மேசை சுத்தமாக இருந்தது, பேச்சும் தெளிவு. 22 ஃப்ரெட்டையும் பிடுங்கிப் புதிதாகப் போட இரண்டு வாரம், பாதிப் பணம் இப்போதே என்றார். கொடுத்தேன். அவர் கிழித்துத் தந்த சீட்டில் 'கிட்டார் 1, ஃப்ரெட் வேலை' என்று மட்டும் இருந்தது. நான் செய்த பெரிய தப்பு, அந்தச் சீட்டை அப்படியே மடித்துப் பையில் வைத்துக்கொண்டதுதான்.

இரண்டு வாரம் இரண்டரை மாதம் ஆனது. "அண்ணா, இந்த வாரமாவது முடியுமா?" என்று கேட்டால், "தம்பி, பசை காயணும். அவசரப்பட்டா கழுத்து திருகிக்கும்" என்பார். நானும் நம்பினேன். அந்த இடைவெளியில் மூன்று நிகழ்ச்சிகளை இரவல் கிட்டாரில் ஒப்பேற்றினேன்.

ஒரு வழியாகக் கிட்டார் கைக்கு வந்தது. ஃப்ரெட்டெல்லாம் பளபளவென்று இருந்தது. அங்கேயே ஒரு சின்ன ஆம்பில், குறைந்த சத்தத்தில் வாசித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்த மாதிரி தோன்றியது. மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒத்திகையில்தான் வண்டவாளம் வெளியே வந்தது. என் கிட்டாரில் மூன்று பிக்கப்புகள், கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தமும் சுருளும் சேர்ந்தவை. எது ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்ச்தான் செலக்டர். ரிதம் வாசிக்க எப்போதும் அதை இரண்டாவது இடத்தில் வைப்பேன். அதில் பிரிட்ஜ் பிக்கப்பும் நடு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும். என் பிக்கப் செட்டில் நடு பிக்கப்பின் சுருள் தலைகீழாகச் சுற்றப்பட்டது, அதன் காந்த முனைகளும் தலைகீழ். அதனால் இரண்டும் சேரும்போது மின் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும். அன்றைக்குச் செலக்டரை அங்கே தள்ளினால் 'உம்ம்ம்' என்ற இரைச்சல் அப்படியே நின்றது. கேபிளை மாற்றினேன், ஆம்பை மாற்றினேன். போகவில்லை.

அப்புறம்தான் பிக்கப்பை உற்றுப் பார்த்தேன். என் பழைய செட்டில் காந்தத் தண்டுகள் ஒரே உயரத்தில் இருக்காது. ஜி கம்பிக்கு அடியில் இருப்பது கவருக்கு மேலே நன்றாக எழும்பி நிற்கும், பி கம்பிக்கு அடியில் இருப்பது தாழ்ந்திருக்கும். இப்போது ஆறும் ஒரே மட்டத்தில் இருந்தன. போனில் இருந்த பழைய மேடைப் படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜி தண்டு விளக்கு வெளிச்சத்தில் தனியாக மின்னிக்கொண்டிருந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து கம்பிகளைத் தளர்த்தி, பிக்கப்புகள் பொருத்தியிருக்கும் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டைக் கழற்றித் திருப்பினேன். ஒவ்வொரு பிக்கப்பின் அடியிலும் ஒரு கறுப்புக் காந்தப் பட்டை ஒட்டியிருந்தது. மலிவான செராமிக் பிக்கப் அப்படித்தான் இருக்கும், மேலே தெரியும் தண்டுகள் வெறும் இரும்பு. நான் போட்டிருந்தது ஆல்னிகோ என்ற உலோகக் கலவைக் காந்தம் உள்ள செட். அதில் தண்டுகளே காந்தம், அடியில் பட்டை கிடையாது. சால்டர் செய்த இடங்களும் புத்தம் புதிதாக மினுங்கின. நான்கு வருட நிகழ்ச்சிப் பணத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய செட் அது.

சரி, ஃப்ரெட்டாவது புதிதா என்று பார்த்தேன். 12-வது ஃப்ரெட்டின் ஓரத்தில் மைக் ஸ்டாண்ட் சரிந்து விழுந்த வெட்டு ஒன்று உண்டு. அது அதே இடத்தில் இருந்தது! பழைய கம்பிகளையே அரத்தால் பள்ளம் மறையும் வரை ராவிப் பாலிஷ் போட்டிருக்கிறார். புது மீடியம் ஜம்போ அளவு ஃப்ரெட் கம்பியின் உயரம் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலேயே இருக்கும். வெர்னியரில் அளந்தால் 0.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். ராவிய பிறகு ஃப்ரெட்டின் தலையைத் திரும்ப வளைவாக்க வேண்டும், அதையும் செய்யவில்லை. தலை தட்டையாக இருந்தால் வாசிக்கும் கம்பி அதன் நடுவில் உட்காராமல் விளிம்பில் உட்காரும், சுருதி விலகும், நாராசமாக அதிரும்.

மறுநாள் நேரில் போய்க் கேட்டேன். "பழைய பிக்கப் செத்துப்போச்சு தம்பி, உங்க நல்லதுக்குத்தான் மாத்தினேன்" என்றார். பழசு எங்கே என்றால், தூக்கிப் போட்டுவிட்டாராம். ஃப்ரெட்? "சீட்டுல 'ஃப்ரெட் வேலை'ன்னுதானே இருக்கு, மாத்துறதா எங்க எழுதியிருக்கு?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. ட்ரம்மரும் கூட வந்து சத்தம் போட்ட பிறகு கூலியில் பாதி திரும்பக் கிடைத்தது. பிக்கப் போனது போனதுதான்.

கொடுக்கும் முன் 10 நிமிடம் செலவழித்தால் போதும். பிக்கப், ஃப்ரெட் ஓரங்கள், ஹெட்ஸ்டாக், சீரியல் எண் எல்லாவற்றையும் கிட்டப்போய்ப் படம் எடுங்கள். பிக்கப்பைக் கழற்றாமலே அளக்கலாம். கேபிளைச் செருகி, வால்யூமை முழுவதும் திறந்து, ஒரு பிக்கப்பை மட்டும் தேர்ந்தெடுத்து, மறுமுனை பிளக்கின் நுனியிலும் தண்டிலும் மல்டிமீட்டரை வையுங்கள். 250 கிலோஓம் வால்யூம் பாட் (வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் மின்தடை) இணையாக நிற்பதால் அளவு சற்றுக் குறைத்துக் காட்டும். 6.1 கிலோஓம் பிக்கப் 5.95 அளவில் காட்டும். பரவாயில்லை, வரும் எண்ணைக் குறித்துவையுங்கள், திரும்ப வாங்கும்போது அங்கேயே அளந்து பாருங்கள். சீட்டில் 'பழைய ஃப்ரெட் 22-ம் நீக்கம், புதிது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நீக்கிய கம்பிகளைத் திருப்பித் தர வேண்டும்' என்று எழுதி வாங்குங்கள். எழுத யோசிக்கிறவரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கழற்றிய பழைய கம்பிகள் ஒரு கவரில் கைக்கு வந்தால்தான் வேலை நடந்தது என்று அர்த்தம். மீதிப் பணம் கொடுக்கும் முன் உங்கள் ஆம்பில், மேடைச் சத்தத்தில், ஐந்து செலக்டர் இடங்களிலும் வாசித்துப் பாருங்கள்.

இன்னொருவர் இப்போது முறையாக ரீஃப்ரெட் செய்து கொடுத்திருக்கிறார், பழைய கம்பிகளோடு. செராமிக் செட்டை வைத்துத்தான் இன்னும் வாசிக்கிறேன். என் பழைய நடு பிக்கப்பின் அடித்தட்டில் வெள்ளை மார்க்கரால் 6.1 என்று நானே எழுதியிருக்கிறேன், ஆறுக்கு வால் கொஞ்சம் நீளமாக இருக்கும். அப்படி ஒரு செட் உங்களிடம் விற்பனைக்கு வந்தால் வாங்கும் முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.