சிக்னேச்சர் கிட்டார்கள்: பெயரை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன?

1961இல் கிப்சன் நிறுவனம், லெஸ் பால் என்ற கிட்டார் கலைஞரின் பெயரில் விற்றுவந்த தன் கிட்டாரின் உருவத்தையே மாற்றியது. உடம்பு மெலிந்தது, இரண்டு பக்கமும் கொம்பு முளைத்தது. பெயர் மட்டும் லெஸ் பால் என்றே இருந்தது. அந்த வடிவம் லெஸ் பாலுக்கே பிடிக்கவில்லை. சில ஆண்டுகளில் அவர் பெயர் நீங்கி, அது எஸ்ஜி ஆனது. ஒருவர் பெயரில் வரும் கிட்டார் அவருக்கே பிடித்ததாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இந்த வியாபாரத்தில் அன்றைக்கே இல்லை.

அதனால் இப்படிக் கலைஞர் பெயரில் வரும் சிக்னேச்சர் கிட்டார்களை எடைபோட எனக்கு ஒரே வழிதான். அந்தக் கலைஞரின் கைக்கு ஏதோ ஒரு தொல்லை இருந்திருக்கும், அதைத் தீர்க்கக் கிட்டாரில் எதையாவது மாற்றியிருப்பார்கள். அது என்ன? அதே தொல்லை வாங்குபவரின் கைக்கும் உண்டா? முதல் கேள்விக்கே பதில் கிடைக்காவிட்டால், நாம் பார்ப்பது வேறு நிறத்தில் வந்த வழக்கமான மாடல்.

ஒரே ஸ்ட்ராட், நாலு கை

ஃபெண்டர் வெளியிட்ட முதல் சிக்னேச்சர் மாடல் 1988இல் வந்த எரிக் கிளாப்டன் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட், ஃபெண்டரின் பிரபல மாடல்). பல வருடம் அவர் கையில் இருந்த 'பிளாக்கி' கிட்டார், மூன்று பழைய ஸ்ட்ராட்களின் பாகங்களைக் கோத்து அவரே தேற்றியது. அதன் நெக்கை (தந்திகள் ஓடும் கழுத்தை) ஒட்டி, புதியதற்கும் பின்பக்கம் மெல்லிய V வடிவம் கொடுத்தார்கள். கட்டைவிரலை நெக்கின் மேல் ஏற்றி வைத்துப் பெண்ட் செய்பவர்களுக்கு, அதாவது தந்தியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதி ஏற்றுபவர்களுக்கு, அந்த V நன்றாகப் பொருந்தும். ஆனால் இந்தக் கிட்டாரின் உயிர் உள்ளே இருக்கும் மிட் பூஸ்ட் சர்க்யூட்தான். ஒரு குமிழைத் திருப்பினால் நடு அலைவரிசைகள் 25 டெசிபல் வரை எழும்பும். ஸ்ட்ராட்டில் இருப்பது ஒற்றைச் சுருள் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தக் கருவி); அந்த மெலிதான சிங்கிள் காயில் ஒலி அப்படியே தடித்து, இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கரின் பக்கத்தில் போய் நிற்கும். ஒரே கிட்டாரில் இரண்டு ஆள். பதிலுக்கு உள்ளே ஒரு 9 வோல்ட் பேட்டரியைச் சுமக்க வேண்டும், கச்சேரிக்கு முன் அதைப் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். ட்ரெமோலோவையும் (கம்பியை ஆட்டிச் சுருதியை மாற்றும் அமைப்பு) மரக்கட்டை வைத்து அடைத்துத்தான் அனுப்பினார்கள், ஏனென்றால் கிளாப்டன் அதைத் தொடுவதில்லை. ட்ரெமோலோ பிரியர்கள் இங்கேயே கழன்றுகொள்ளலாம்.

அதே வருடம் வந்த இங்வே மால்ம்ஸ்டீன் ஸ்ட்ராட், வெளியே பார்த்தால் சாதாரண ஸ்ட்ராட். விரலை வைத்தால் கதையே வேறு. ஃபிரெட்டுக்கும் ஃபிரெட்டுக்கும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கீற்றுகள்) நடுவில் உள்ள மரத்தைக் குழிவாகச் செதுக்கியிருப்பார்கள். விரல்நுனி மரத்தைத் தொடாது, தந்தியை மட்டும் தொடும். ஸ்வரத்தை அசைத்து வைப்ரேட்டோ போட வழவழவென்று இருக்கும், பெண்ட் செய்யும்போது தந்தி விரலுக்கு அடியில் நழுவாது. ஆனால் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் தந்தி குழிக்குள் இறங்கி சுருதி ஏறிவிடும். கார்டு பிடிக்கும்போது ஆறு தந்திகளில் எது ஏறியது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். வேகமாக வாசிக்க ஆசைப்பட்டு இதை வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: செதுக்கிய பலகை வேகத்தைத் தராது. ஏற்கெனவே லேசாகத் தொட்டு வாசிக்கும் கைக்குத்தான் அது வசதி.

1992இல் வந்த ஸ்டீவி ரே வான் ஸ்ட்ராட்டை அவர் மேடையில் எடுத்து வாசிக்கவே இல்லை. 1990 ஆகஸ்டில் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்துவிட்டார். பெரிய ஃபிரெட், பாவ் ஃபெரோ மரத்தில் ஃபிரெட்போர்டு, டெக்ஸஸ் ஸ்பெஷல் பிக்கப் எல்லாம் அருமை. உறுத்துவது இடது கைக்காரர்களுக்கான ட்ரெமோலோ. இடது கையால் வாசித்த ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மேல் இருந்த பக்தியில் வான் அப்படி மாட்டிக்கொண்டார், அதனால் கம்பி மேல்பக்கம், தடித்த தந்திகளின் ஓரம் நிற்கும். அவருக்கு அது பழகிய இடம். நம்மில் பலருக்கு முழங்கைக்கு இடைஞ்சல். இன்னொன்று: அவருடைய தடித்த ஒலிக்குப் பெரிய காரணம் 13 கேஜ் போன்ற கனமான தந்திகளை அரை ஸ்வரம் இறக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டதும், அந்தக் கையின் பலமும். அந்தக் கையைப் பெட்டியில் வைத்து அனுப்ப முடியாது.

ஜெஃப் பெக் ஸ்ட்ராட் 1991இல் முதலில் வந்தபோது அதன் நெக் மிகத் தடிமன். 2001இல் திருத்தி, நெக்கை மெலிதாக்கி, இரைச்சல் இல்லாத பிக்கப்களைப் போட்டார்கள். நான் சொல்வது இந்தத் திருத்திய பதிப்பைத்தான். பெக், பிக் (தந்தியை மீட்டும் சில்லு) இல்லாமல் விரல்களால் வாசித்தவர். சுண்டுவிரல் வால்யூம் குமிழில் இருக்கும், உள்ளங்கை ட்ரெமோலோ கம்பியை ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தில் சுருதி விலகாமல் இருக்க, நெக்கின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் நட் இருக்கும் இடத்தில் தந்திகள் உருளைகளின் மேல் ஓடுகின்றன. நெக் உடம்போடு சேரும் முனையைச் சரித்துவிட்டதால் மேல் ஃபிரெட்களுக்குக் கை தாராளமாகப் போகிறது. இந்த மாற்றங்களில் ஒன்றுகூட வாங்குபவரிடம் பெக்கைப் போல வாசிக்கும்படி கேட்பதில்லை. பெயரைச் சுரண்டிவிட்டாலும் நல்ல ஸ்ட்ராட் மிஞ்சும். நாலில் ஒன்று என்றால் என் ஓட்டு இதற்குத்தான். நடு அலைவரிசையைத் தூக்கி பிளூஸ் மட்டுமே வாசிப்பவர் என்றால் கிளாப்டன்.

வாத்தியாரும் சீடனும்

ஜோ சாட்ரியானி ஸ்டீவ் வாய்க்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்தவர். இருவரும் ஐபனெஸ் நிறுவனத்தோடு சேர்ந்து வடிவமைத்த கிட்டார்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், சீடன் எல்லாவற்றையும் கேட்டு வாங்கியதும் வாத்தியார் எல்லாவற்றையும் வேண்டாம் என்று ஒதுக்கியதும் தெரியும்.

1987இல் வந்த ஸ்டீவ் வாயின் ஜெம் கிட்டாரில் 24 ஃபிரெட். கடைசி நாலு மட்டும் செதுக்கியவை. உடம்பில் கைவிட்டுத் தூக்க ஒரு துளை. ட்ரெமோலோவுக்குப் பின்னால் சிங்கம் பிறாண்டியது போல ஒரு பள்ளம். பார்க்க அலங்காரம் மாதிரி இருந்தாலும், கம்பியைக் கீழே அழுத்துவது மட்டுமல்லாமல் மேலே இழுத்துச் சுருதியை ஏற்றவும் அந்தப் பள்ளம்தான் இடம் விடுகிறது. பிக்கப் அமைப்பு ஹம்பக்கர், சிங்கிள், ஹம்பக்கர். ஐந்து நிலை சுவிட்சின் இடைப்பட்ட நிலைகளில் ஹம்பக்கர் பாதியாகப் பிரிந்து நடு பிக்கப்போடு சேரும். ராக் கர்ஜனையிலிருந்து ஸ்ட்ராட்டின் தெளிவுக்கு ஒரே தட்டில் போகலாம். 1990இல் இதே குடும்பத்தில் யூனிவர்ஸ் என்ற ஏழு தந்திக் கிட்டார் வந்தது. அந்த ஏழாவது தந்தியைப் பின்னால் கோர்ன் போன்ற குழுக்கள் எடுத்துக்கொண்டு கனத்த ராக் இசையின் திசையையே மாற்றின. ஒரு சிக்னேச்சர் மாடல் சொந்தக்காரரைத் தாண்டிப் போய் இந்த அளவுக்கு வேலை செய்தது அபூர்வம்.

சாட்ரியானியின் ஜேஎஸ் வரிசையில் துளையும் கிடையாது, பள்ளமும் கிடையாது, பிக்கார்டும் கிடையாது. ஆற்றில் உருண்ட கூழாங்கல் மாதிரி வழுவழுப்பான உடம்பு. ஆரம்ப மாடல்களில் 22 ஃபிரெட், இரண்டு ஹம்பக்கர், இரண்டு குமிழ். (24 ஃபிரெட் உள்ளவை ரொம்பப் பிந்தி வந்தன.) விஷயம் அந்தக் குமிழ்களில்தான். பொதுவாக வால்யூமைக் குறைத்தால் ஒலியின் கூர்மையும் சேர்ந்து மங்கும். ஜேஎஸ் கிட்டாரில் வால்யூம் குமிழை மேலே இழுத்தால் ஒரு ஃபில்டர் வேலை செய்து, சத்தம் குறையும்போது கூர்மையைக் காப்பாற்றுகிறது. டோன் குமிழை இழுத்தால் ஹம்பக்கர்கள் பிரியும். பெடல் பக்கம் போகாமல், ஆம்பை (ஒலிபெருக்கியை) ஓங்கி வைத்துவிட்டுக் கையாலேயே ஒலியை ஏற்றி இறக்குபவருக்கு இது பெரிய உதவி.

ஜெம் கிட்டாரோடு வாழ ட்ரெமோலோவை உண்மையிலேயே பயன்படுத்த வேண்டும். இல்லையென்றால், தந்தி மாற்றும் ஒவ்வொரு தடவையும் மிதக்கும் பிரிட்ஜை (உடம்பின் மேல் தந்திகளைத் தாங்கும் பாகத்தை)ச் சமன்படுத்துகிற வேலைக்கு என்ன கூலி? ஜேஎஸ் கிட்டாரிலும் அதே பிரிட்ஜ் வேலை உண்டு, ஆனால் மெல்லிசை வாசிப்பவருக்கும் அது பதவிசாக நடந்துகொள்ளும். எனக்கு ஜேஎஸ். ஏழு தந்தி வேண்டும் என்றால் ஸ்டீவ் வாய் பக்கம் போவதைத் தவிர வழியில்லை.

ஆறு சுவிட்சும் ஒரே குமிழும்

இந்த அலசலில் எனக்கு ரொம்பப் பிடித்த ஜோடி இதுதான். இரண்டு பேரும் கடையில் கிடைத்தது போதாது என்று தாங்களே கிட்டார் செய்துகொண்டவர்கள். வந்து சேர்ந்த இடம் மட்டும் நேர் எதிர்.

பிரையன் மே 1963இல் தன் அப்பாவோடு சேர்ந்து ரெட் ஸ்பெஷல் என்ற கிட்டாரைச் செய்யத் தொடங்கினார். நெக், பழைய கணப்பு அடுப்பின் சட்டத்திலிருந்து எடுத்த மரம். ட்ரெமோலோவில் மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங்குகள், கம்பியின் முனையில் பின்னல் ஊசியின் நுனி. மூன்று பர்ன்ஸ் பிக்கப்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுவிட்ச்: ஒன்று ஆன்-ஆஃப், இன்னொன்று ஃபேஸை (ஒலி அலையின் திசையை)த் திருப்ப. பிக்கப்கள் தொடராக இணைந்திருப்பதால் இரண்டைச் சேர்த்து ஆன் செய்தால் ஒலி வலுத்துத் தடிக்கும். அதில் ஒன்றின் ஃபேஸைத் திருப்புங்கள், அடிக்குரல் எல்லாம் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய், மூக்கால் பாடுவது போல மெல்லிய கூரான ஒலி மட்டும் நிற்கும். அவருடைய குவீன் குழுவின் பாடல்களில் கேட்கும் அந்தத் தனிக் குரலில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

எட்டி வான் ஹேலனின் ஃபிராங்கன்ஸ்டைன் கிட்டார் கழிவு விலையில் வாங்கிய உடம்பில் பிறந்தது. வேலை செய்த பிக்கப் ஒன்றே ஒன்று. குமிழ் ஒன்றே ஒன்று, அது வால்யூம், அதன் மேல் எழுதியிருந்தது 'டோன்'. 1991இல் மியூசிக் மேன் நிறுவனத்தோடு அவர் கொண்டுவந்த சிக்னேச்சர் மாடலில் இரண்டு பிக்கப் இருந்தாலும், அந்த ஒற்றைக் குமிழும் அந்தக் குறும்பும் தொடர்ந்தன. நெக்கின் பின்பக்கம் இரண்டு ஓரமும் ஒரே அளவில் இருக்காது. கட்டைவிரல் பக்கம் ஒரு மாதிரி, விரல்கள் வளையும் பக்கம் வேறு மாதிரி. வார்னிஷ் பூசாமல் விட்ட மேப்பிள் மரம், வியர்த்த கையிலும் ஒட்டாது. பிறகு அவர் பீவியில் உல்ஃப்கேங் என்று ஒன்றும், அப்புறம் ஃபெண்டரின் துணையோடு இவிஎச் என்ற சொந்தப் பிராண்டும் கொண்டுவந்தார். ட்ரெமோலோ உடம்பின் மேல் படிந்தே இருக்கும், கீழே மட்டும்தான் போகும். அப்படிப் படிந்திருப்பதால்தான் டி-டூனா என்ற சின்னக் கருவியை இழுத்து, அடித்தந்தியை ஒரு நொடியில் E-யிலிருந்து D-க்கு இறக்க முடிகிறது, மற்ற தந்திகள் கலையாமல்.

மேவின் கிட்டாரில் பாட்டின் நடுவில் ஒலியை மாற்ற வேண்டுமானால் இரண்டு மூன்று சுவிட்சைத் தள்ள வேண்டும், அதுவும் பாடிக்கொண்டே. ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஒலி தேடுபவருக்கு சொர்க்கம், மேடையில் அவசரக்காரருக்குத் தலைவலி. தந்தியின் நீளமும் ஸ்ட்ராட்டை விடக் குறைவு, 24 அங்குலம். சின்னக் கைகளுக்கு அது வரம். உல்ஃப்கேங் எடுத்தவுடன் வாசிக்கச் சொல்லும், யோசிக்க விடாது. டிஸ்டார்ஷனை முழுக்க வைத்து ரிஃப் வாசிப்பவர் வேறெதையும் பார்க்க வேண்டாம். சுத்தமான ஒலியில் பலவிதம் வேண்டும் என்பவருக்கு அது சீக்கிரம் சலித்துவிடும். பிரையன் மேவின் சொந்த நிறுவனமே நடுத்தர விலையில் இந்த அமைப்பைத் தருகிறது என்பது கூடுதல் லாபம். இந்தப் பட்டியலிலேயே, மூலக் கிட்டாரின் யோசனை மலிவுப் பதிப்பிலும் கெடாமல் வந்து சேர்வது இதில்தான்.

மற்றவை

ஜான் மேயர் பிஆர்எஸ் நிறுவனத்தோடு 2018இல் கொண்டுவந்த சில்வர் ஸ்கை, 1963, 64 காலத்து ஸ்ட்ராட்டை இன்னொரு நிறுவனம் துல்லியமாகச் செய்தது என்று சொல்லிவிடலாம். நல்ல கிட்டார். ஃபிரெட்போர்டின் ஆரம் 7.25 அங்குலம், அதாவது நன்றாக உருண்டது. கார்டுக்குச் சுகம், பெரிய பெண்டுகளுக்கு அவ்வளவு தோதில்லை. 2022இல் வந்த எஸ்இ பதிப்பில் அதை 8.5 ஆக்கினார்கள். மலிவானதுதான் பலர் கைக்கு வசதி என்பது வேடிக்கை.

கர்ட் கோபேனின் ஜாக்-ஸ்டாங் என்பது ஃபெண்டரின் ஜாகுவார், மஸ்டாங் கிட்டார்கள் இரண்டின் போட்டோக்களையும் வெட்டி ஒட்டி அவர் போட்ட வடிவம். கடைக்கு வந்தது அவர் இறந்த பிறகு. யோசனை அழகு, ஆனால் அவரே மேடையில் பெரும்பாலும் மற்ற கிட்டார்களைத்தான் வாசித்தார். ரசிகர்கள் சுவரில் மாட்டலாம்.

ஸ்லாஷ் பெயரில் கிப்சனும் எபிஃபோனும் வெளியிட்ட லெஸ் பால்களுக்குக் கணக்கில்லை. ஆனால் 1987இல் வந்த முதல் கன்ஸ் அண்ட் ரோசஸ் ஆல்பத்தில் அவர் வாசித்தது கிப்சன் செய்த கிட்டாரே இல்லை. கிரிஸ் டெரிக் என்ற கைவினைஞர் கையால் செய்த லெஸ் பால் நகல் அது, உள்ளே சீமோர் டங்கனின் அல்னிகோ டூ புரோ பிக்கப்கள். அந்த ஒலிதான் வேண்டும், வீட்டில் ஏற்கெனவே ஒரு உருப்படியான லெஸ் பால் வகைக் கிட்டார் இருக்கிறது என்றால், அந்த ஜோடிப் பிக்கப்பை மட்டும் வாங்கி, ஒரு நல்ல டெக்னீஷியனிடம் கொடுத்து சால்டர் செய்துகொள்ளுங்கள். மிச்சப் பணத்தை ஆம்புக்குப் போடலாம்.