ராத்திரி வாய் காஞ்சு தூக்கம் போறவங்களுக்கு பயோட்டீன் ஜெல்: எங்க சித்தப்பா உபயோகிச்ச வகையில

சித்தப்பாவுக்கு வந்தது மூக்குக்குப் பின்னாடி தொண்டையோட மேல்பக்கத்துல வர்ற கேன்சர், நேசோபாரிஞ்சியல்னு டாக்டருங்க சொல்றது. கத்தி வைக்க வசதியில்லாத எடம், அதனால கரண்ட் வைக்கிறதுதான், அதாவது ரேடியேஷன்தான், இதுக்கு முதல் வைத்தியம். கட்டி கரைஞ்சிடுச்சு, அம்மன் புண்ணியம். ஆனா வாயில எச்சி ஊறுறது நின்னு போச்சு. யாங்கோன்ல நம்மாளுங்க வீடுகள்லயும் இதே கஷ்டத்தோட இருக்கறவங்க இருப்பாங்க, அவங்களுக்காகத்தான் இந்த ஜெல் பத்தி எழுதுறேன்.

மொதல்லயே சொல்லிடறேன், ராத்திரிக்கு இது கண்டிப்பா வாங்கலாம். பகலுக்கு வேணாம், பக்கத்துல ஒரு தண்ணி பாட்டில் இருந்தா போதும், அடிக்கடி ஒரு வாய் குடிச்சுக்கலாம்.

ஏன் ராத்திரின்னா, காதுக்கு முன்னாடி இருக்கற சுரப்பி சாப்பிடும்போது எச்சி ஊற வைக்கும், தாடைக்குக் கீழ இருக்கறதுதான் நாம சும்மா இருக்கற நேரத்துல வாயை ஈரமா வச்சிருக்கும். இந்த கேன்சருக்கு கழுத்துல ரெண்டு பக்கமும் நெறி கட்டுற எடத்துக்கும் சேர்த்து கரண்ட் வைப்பாங்க, வழக்கமா மொத்தம் 70 கிரே (கிரேங்கறது கரண்ட் எவ்வளவு வைக்கிறாங்கங்கற அளவு), அதை 33லேர்ந்து 35 தடவையா பிரிச்சு வைக்கிறது, அதுல ரெண்டு சுரப்பியுமே அடி வாங்கிடும். நல்லா இருக்கற மனுஷனுக்கே தூங்கும்போது எச்சி ரொம்ப கம்மியாத்தான் ஊறும், இவங்களுக்கு சுத்தமா இல்லாம போயிடுது. சித்தப்பாவுக்கு நாக்கு மேல அண்ணத்துல அப்பிடியே ஒட்டிக்கும், அவர் பிரிச்சு எடுக்கும்போது சப்புன்னு சத்தம் வரும், அந்த சத்தத்துக்கே சித்தி முழிச்சுக்குவாங்க. தண்ணி குடிச்சா அஞ்சு நிமிஷத்துல திரும்ப காஞ்சிடும், குடிச்ச தண்ணிக்கு பாத்ரூம் வேற போகணும், அப்புறம் எங்கேர்ந்து தூக்கம்.

ஜெல்லுல கிளிசரின், சைலிட்டால்ங்கற பல்லை கெடுக்காத இனிப்பு இருக்கு, ஆல்கஹால் கிடையாது. வாயில பட்டா எரியல, அதுதான் சித்தப்பா மொதல்ல சொன்னது. போடுறதுக்கு ஒரு பக்குவம் இருக்கு, வறண்ட வாயில நேரா தடவுனா திட்டு திட்டா நிக்கும், அதனால ஒரு வாய் தண்ணி குடிச்சு நனைச்சுட்டு பட்டாணி அளவு விரல்ல எடுத்து நாக்கு மேல, கன்னத்து உள்பக்கம், ஈறு, அண்ணம் எல்லாம் மெல்லிசா தடவணும். பல்செட் இருக்கறவங்க படுக்கும்போது அதை கழட்டி வச்சுடணும். நெறைய வச்சா கொழகொழன்னு இருக்குமே தவிர கூட நேரம் நிக்காது. விடியற வரைக்கும் தாங்கும்னு எதிர்பார்க்காதீங்க, நடுராத்திரியில இன்னொரு தடவை தடவ வேண்டியிருக்கு. ஆனா அந்த ஒரு தடவைக்கு மட்டும் எழுந்தா போதும்ங்கறதே எங்க வீட்டுல பெரிய நிம்மதி, சித்தி இப்ப தூங்குறாங்க.

இது எச்சிய திரும்ப ஊற வைக்காது, காஞ்ச எடத்துக்கு மேல ஒரு ஈரப்பூச்சு அவ்ளோதான். ஊற வைக்கிறதுக்கு பைலோகார்ப்பின்னு மாத்திரை இருக்கு, சுரப்பியில கொஞ்சமாவது உயிர் இருந்தாத்தான் கேக்கும், வேர்த்து கொட்டும், ஆஸ்துமாவும் சில வகை கண் பிரஷரும் இருக்கறவங்களுக்கு ஆகாது, டாக்டர் சொல்லாம தொடாதீங்க.

ஒரு விஷயத்துல எனக்கு இன்னும் கோவம் தீரல. ஒரு மருந்துக்கடையில வாய் காயுதுன்னு கேட்டதுக்கு ஆல்கஹால் கலந்த சாதாரண மவுத்வாஷ எடுத்து குடுத்துட்டாங்க, கொப்பளிச்ச உடனே சித்தப்பா கண்ணுல தண்ணி வந்துடுச்சு. கேன்சர் வைத்தியம் முடிஞ்ச வாயின்னு சொல்லியும் குடுத்தாங்க. கொப்பளிக்கிறதுக்கு வெதுவெதுப்பான தண்ணி ஒரு கப், அதுல கால் ஸ்பூன் உப்பு, கால் ஸ்பூன் சோடா உப்பு (சமையல் சோடா) போதும். வாய்ல வெள்ளை வெள்ளையா படிஞ்சு எரிஞ்சா அது பூஞ்சை, ஜெல்லுக்கு போகாது, மருந்து வேணும்.

சாப்பாடு விஷயத்துல மொஹிங்கா, அதாவது பர்மா மீன் குழம்பு நூடுல்ஸ், நல்லா எறங்குது, குழம்பு தண்ணிய நெறைய ஊத்தி, மேல போடுற மொறுமொறு பொரியல எடுத்துட்டு, மிளகாய்த்தூள் இல்லாம. எலுமிச்சை புழிய வேணாம், எச்சி இல்லாத வாயில புளிப்பு பல்லை அரிச்சிடும். சாதம் வாயில பருக்கை பருக்கையா நிக்கும், மோர் ஊத்தி குழைச்சா போகும். பக்கத்து வீட்டு பெரியவர் குன்யா, அதாவது வெத்தலை பாக்கு, போட்டா எச்சி ஊறும்னு சொன்னார், நல்ல மனசோடதான் சொன்னார், ஆனா பாக்கே கேன்சர் வர வைக்கிற பொருள், புண்ணான வாயில சுண்ணாம்பு வேற, தயவு செஞ்சு யாரும் குடுக்காதீங்க. சக்கரை மிட்டாயும் அதே மாதிரி வேணாம், சைலிட்டால் சூயிங்கம் மெல்லலாம்.

ஜெல் வாங்கியாச்சுன்னு பல்லை விட்டுடாதீங்க. எச்சிதான் பல்லுக்கு காவல், அது போனா சொத்தை மளமளன்னு வரும், அதுவும் ஈறு ஓரத்துல. ஃப்ளோரைடு அதிகமா இருக்கற (5000 பிபிஎம்) பேஸ்ட் பத்தி பல் டாக்டர்கிட்ட கேளுங்க. கரண்ட் வச்ச தாடையில அப்புறமா பல்லு புடுங்குனா எலும்பு ஆறாம செத்துப்போற ஆபத்து இருக்கு, அதனால புடுங்க வேண்டிய பல்லை வைத்தியம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே புடுங்கிடறது நல்லது.

இன்னும் வைத்தியம் ஆரம்பிக்காதவங்க ஐஎம்ஆர்டி முறை, அதாவது சுத்தி இருக்கற எடத்துக்கு முடிஞ்ச வரை கம்மியா பட்டு கட்டிய குறி வச்சு கரண்ட் வைக்கிற முறை, கெடைக்குமான்னு கேட்டுப் பாருங்க. காது பக்கத்து சுரப்பிக்கு சராசரியா 26 கிரேக்கு கீழ வச்சா ஒரு ரெண்டு வருஷத்துக்குள்ள எச்சி ஓரளவு திரும்ப வர வாய்ப்பு அதிகம். கட்டி இருக்கற எடத்தப் பொறுத்து அது முடியலாம், முடியாமலும் போகலாம், ஆனாலும் கேக்கணும்.

விலைய பத்தி என்ன சொல்றது, வெளிநாட்டு சரக்கு, டாலர் ஏறுனா இதுவும் ஏறுது. சிங்கப்பூர், பாங்காக்லேர்ந்து யாராவது வந்தா ரெண்டு ட்யூப் சொல்லி விடுங்க. பழைய டப்பாவுல ஜிஎஸ்கேன்னும் புதுசுல ஹேலியான்னும் இருக்கும், 2022ல கம்பெனி பிரிஞ்சதால அப்படி, போலின்னு பயந்துடாதீங்க. தேதிய மட்டும் பாத்து வாங்குங்க.