கையில் பிரிண்டா, போனில் லிங்கா? கொழும்பு விழாக் கூட்டத்தில் படம் விற்கும் வழிகள்

ஆடி மாதம் எங்கள் தொழிலுக்குச் சோம்பல் மாதம். கல்யாணம் இல்லை, சாமத்திய வீடு இல்லை; பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்களோடு சரி. அதே ஆடியில்தான் செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலிலிருந்து வேல் புறப்பட்டுப் பம்பலப்பிட்டிக்கு வருகிறது. காலி வீதியோரம் புதுச் சேலையும் பட்டு வேட்டியுமாகக் குடும்பம் குடும்பமாக நிற்பார்கள். இதில் எத்தனை வீட்டில் ஆவணிக்குக் கல்யாணம் வைத்திருப்பார்கள் என்று யோசித்துத்தான் நான் முதலில் கமராவோடு தெருவுக்கு இறங்கினேன்.

முன்பின் தெரியாதவரைப் படமெடுத்து, அவருக்கே விற்று, அதன் வழியாக ஸ்டூடியோவின் பெயரைப் பரப்புவதுதான் திட்டம். படத்தின் முதுகில் ஏறிப் பெயர் ஊர் சுற்றுவது இந்த நகரத்துக்குப் புதிதல்ல. கொழும்பில் 1890இல் தொடங்கிய பிளாட்டே நிறுவனத்தின் பெயர் கப்பலேறிப் போனது தபாலட்டைப் படங்களோடுதான். எங்களுக்குக் கப்பல் வேண்டாம், வெள்ளவத்தை வரை போனால் போதும்.

முதலில் நான் எடுத்தது மலிவான வழி. படம் எடுப்பது, கியூஆர் போட்ட சின்ன அட்டை ஒன்றைக் கையில் கொடுப்பது, "வீட்டுக்குப் போய்ப் பாருங்கோ, பிடிச்சா வாங்குங்கோ" என்று சொல்வது. பிரிண்டர் வேண்டாம், மேசை வேண்டாம், ஒருவரே நூறு குடும்பத்தைப் படமெடுக்கலாம். இரவு முழுக்க உட்கார்ந்து படங்களை ஏற்றினேன். மறுநாள் காலை போனைப் பார்த்தால் விடிந்ததற்கு அடையாளமே இல்லை. அட்டை வாங்கினவர்களில் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான் லிங்கைத் திறந்திருந்தார்கள். வாங்கியது ஒருவர். இன்னொருவர் குறுக்கே என் பெயர் ஓடும் மாதிரிப் படத்தையே ஸ்கிரீன்ஷொட் எடுத்து வட்ஸ்அப் முகப்பில் போட்டிருந்தார். அதுவும் விளம்பரம்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இந்த வழி ஏன் படுத்தது என்பது பிறகுதான் விளங்கியது. படத்தின் மேல் ஆசை வருவது எடுத்த அந்த நிமிடத்தில். பஸ்ஸில் நெரிபட்டு வீடு போய், பிள்ளைகளைக் கழுவிப் படுக்க வைத்த பிறகு நானூறு படங்களுக்குள் தன் முகத்தைத் தேட யாருக்கும் பொறுமை இருக்காது. போதாக்குறைக்கு அவர்கள் போனிலேயே பத்துப் படம் கிடக்கிறது.

அதற்காக லிங்க் வழியையே தூக்கி எறியச் சொல்லவில்லை. ஓட்டப் போட்டியில் அதுதான் ராஜா. ஓடுகிறவர் தன்னைத் தானே படமெடுக்க முடியாது. மார்பில் இலக்கம் குத்தியிருக்கும், இலக்கத்தைத் தட்டினால் படம் வந்துவிடும், தேடும் வேலை இல்லை. பாடசாலை விளையாட்டுப் போட்டியும் அப்படித்தான், ஆனால் அங்கே அதிபரிடம் அனுமதி வாங்காமல் கமராவைத் தூக்கவே கூடாது. பெற்றோரிடமும் கேட்க வேண்டும். பிள்ளைகளின் படத்தை யாரும் திறந்து பார்க்கக்கூடிய லிங்கில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்த ஆடிக்குப் பிரிண்டரோடு போனேன். கெனன் செல்பி சிபி1500. சாப்பாட்டுப் பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. தபாலட்டை அளவில் ஒரு படம் அடிக்க ஏறத்தாழ 41 விநாடி. இந்த 41 விநாடியை நான் முதலில் குறையாகத்தான் நினைத்தேன். அது ஒரு கூத்து என்பது அங்கே போன பிறகே தெரிந்தது. தாள் நான்கு தடவை உள்ளே போய் வெளியே வரும். முதல் தடவை வெறும் மஞ்சள் நிழலாக ஒரு குடும்பம். இரண்டாம் தடவை சிவப்பு ஏறி எல்லோரும் காய்ச்சல்காரர் மாதிரி இருப்பார்கள். மூன்றாவதில் நீலம் சேர்ந்ததும் அம்மாவின் சேலை திடீரென்று பச்சையாகிவிடும். நான்காவது, மேலே ஒரு பளபளப்புப் பூச்சு. ஒரு சின்னப் பெண் மேசை விளிம்பில் நாடியை வைத்துக்கொண்டு மூன்று குடும்பங்களின் படம் வரும்வரை நகரவே இல்லை. அவளைக் கூப்பிட வந்த அப்பாதான் நான்காவது வாடிக்கையாளர்.

"எவ்வளவு தம்பி?"

"முந்நூறு ரூபா அண்ணே."

"பெரிசா இல்லையா?"

பெரிசுதான் எங்கள் தூண்டில். "ஸ்டூடியோவுக்கு வாங்கோ, சட்டம் போட்டே தாறன்" என்று சொல்லி, போன் படத்தையும் அனுப்புவதாக அவருடைய வட்ஸ்அப் இலக்கத்தை வாங்கிக்கொள்வேன். எனக்கு முந்நூறு ரூபாவை விட அந்த இலக்கம் பெறுமதி. ஆனால் அதையே சாக்காக வைத்து வாரம் ஒரு விளம்பரம் அனுப்பினால் உங்களை பிளாக் பண்ணுவார்கள், நியாயமாகவே. கேட்ட படத்தை அனுப்பி, கீழே ஒரு வரி. அவ்வளவுதான்.

இதிலும் தொல்லைகள் இருக்கின்றன. தாள் தட்டில் ஒரு தடவைக்கு 18 தாள்தான் வைக்கலாம், கூட்டம் முற்றும் நேரத்தில்தான் அது தீரும். பற்றரி தனியாக வாங்க வேண்டும், ஒரு சார்ஜில் ஐம்பது படம் வந்தால் பெரிது. தாளும் மைநாடாவும் சேர்ந்த 108 படப் பெட்டியின் விலையை 108ஆல் வகுத்து, வீணாகும் படங்களுக்காகக் கொஞ்சம் கூட்டி, அப்புறம் விலை சொல்லுங்கள். அட்டை உறைக்கும் காசு போகும். உறையின் உள்பக்கம் ஸ்டூடியோ பெயரை மூன்று மொழியிலும் அடித்துவிடுங்கள். கொழும்பில் வேல் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் தமிழர் இல்லை.

காற்றடிக்கும் இடத்துக்கு இந்தப் பிரிண்டர் ஆகாது. காலிமுகத்திடலில் ஒரு மாலை முயன்றேன். தாள் பின்பக்கமாக வெளியே நீண்டு நீண்டு வருமே, கடல் காற்றில் வந்த மணல் அதில் ஒட்டிக்கொண்டு, வந்த படமெல்லாம் முகத்தில் வெள்ளைப் புள்ளி. இசோ வடைக்காரர் வந்து பார்த்துவிட்டு "அம்மை போட்டிருக்கு" என்றார். இரண்டு பேருக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தேன்.

மண்டபத்துக்குள் நடக்கும் விழா என்றால் டிஎன்பி ஆர்எக்ஸ்1 வகைப் பெரிய பிரிண்டர் இருக்கிறது. பதினைந்து விநாடிக்குள் படம், ஒரு ரோலில் 700. ஆனால் பதினான்கு கிலோ கிட்ட எடை, சுவர் மின்சாரமும் வேண்டும். அரங்கேற்றத்துக்குச் சரி, தேருக்குப் பின்னால் நடக்கச் சரிவராது.

எடுத்த கையோடு தானே படத்தை வெளியே தள்ளும் இன்ஸ்டாக்ஸ் கமராவைப் பலர் சிபாரிசு செய்வார்கள். இளம் சோடிகளுக்குப் பிடிக்கும், ஒத்துக்கொள்கிறேன். மினி வகையில் படத்தின் அளவு 62 க்கு 46 மில்லிமீட்டர்; ஒன்பது பேர் கொண்ட குடும்பத்தில் பாட்டியைத் தேட வேண்டும். ஒரு பெட்டியில் பத்துப் படம், கண் மூடினால் காசு போச்சு. கொடுத்த பிறகு உங்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது, பெரிதாக்கித் தருகிறேன் என்று பேச்சை வளர்க்கவும் வழியில்லை. களியாட்டத்துக்கு நல்லது, தொழில் பரப்ப வேண்டாம்.

பேஸ்புக்கில் இலவசமாகப் போட்டுப் பெயர் எடுக்கும் வழி? பெயர் வரும், "இலவசமாக எடுக்கிற தம்பி" என்ற பெயர். அந்தப் பெயரோடு கல்யாண ஆல்பத்துக்கு விலை பேசிப் பாருங்கள்.

எந்த விழா என்பதும் வழியைத் தீர்மானிக்கிறது. கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள், ஜூன் 13, சனம் அலைமோதும். எல்லா மதத்தவரும் வருவார்கள். ஆனால் வேண்டுதலோடு வருகிறவர் முகத்துக்கு நேரே விலை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வயர் தொங்கும் பையோடு அந்தப் பக்கம் போனால் திறந்து காட்டவும் வேண்டும், 2019 குண்டுவெடிப்பை மறக்க முடியுமா. அங்கே அட்டையும் புன்னகையும் போதும். வெசாக் இரவில் தோரணம் பார்க்கிறவர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள், 41 விநாடி நிற்க மாட்டார்கள். விகாரமகாதேவி பூங்கா மாநகர சபையின் பொறுப்பில் இருப்பது. மேசை போடும் எண்ணம் இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள். கோயில் வாசலிலும் அப்படியே, நிர்வாகத்தாரிடம் ஒரு வார்த்தை.

ஆகவே வேலுக்கு என்றால் என் கை பிரிண்டர் பக்கமே சாய்கிறது, லாபம் சொற்பமாக இருந்தாலும். போன தடவை படம் வாங்கிய ஓர் அக்கா ஐந்து மாதம் கழித்து மகளின் சாமத்திய வீட்டுக்கு என்னைப் பிடித்தது அந்த உறையைப் பார்த்துத்தான். சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்திருந்தாராம்.

இந்த ஆடிக்கு இரண்டு பற்றரி, உதவிக்கு மச்சானின் மகன், போனாலேயே காசு கட்ட லங்காகியூஆர் ஒட்டிய ஒரு பலகை. அதோடு நூறு ரூபாத் தாளில் ஒரு கட்டு. முந்நூறு ரூபாப் படத்துக்கு எல்லோரும் நீட்டுவது ஐயாயிரம் ரூபாத் தாள்.